விருந்தினர்க்கும் ஒரு கடன்

திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தைப் பொறுமையாக ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். பத்துக் குறட்பாக்களும் விருந்தளிப்பவரை நோக்கியே பேசுகின்றன. வந்தவரை எவ்வாறு வரவேற்பது, உள்ளதை எவ்வாறு பகிர்வது, முகம் எவ்வாறு இருக்க வேண்டும் என்பனவெல்லாம் அங்கே உண்டு. வாசலில் வந்து நிற்கிறாரே, அவர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அந்த அதிகாரத்தில் இடமில்லை. மோந்தால் குழையும் மலரைவிட மெல்லியவராக, எளிதில் மனம் வாடிவிடுபவராக மட்டுமே அவர் அங்கே தோன்றுகிறார்.

அக்காலத்திற்கு அது பொருந்தியிருக்கும். வந்தவர் நடந்து களைத்தவர், பசித்தவர், அடுத்த ஊர் எத்தனை நாழிகைத் தொலைவில் இருக்கிறது என்று அறியாதவர். இன்று நெடுந்தொலைவு பயணம் செய்து ஒரு சிற்றூரின் வாசலில் நிற்பவர் பெரும்பாலும் அத்தகையவர் அல்லர். அவருடைய பையில் பணம் இருக்கிறது. திரும்பிச் செல்ல விமானச் சீட்டு இருக்கிறது. வீட்டுக்காரரைவிட அவரே வலியவர். எனவே திருவள்ளுவர் எழுதத் தேவையில்லாதிருந்த பகுதியை, அதாவது விருந்தினரின் கடனை, இன்று நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவ்வெண்ணம் நமக்கு எழுவதற்குக் காரணம் உண்டு. நம்மவர் வெளிநாடு செல்வது இப்போது அரிய செய்தியன்று. உரோமை, லூர்து, எருசலேம் எனத் திருப்பயணம் செல்வோரும், அயல்நாட்டில் பணிபுரியும் பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோரும், ஊர் பார்க்கவே செல்வோரும் பெருகிவிட்டனர். அவர்களுள் சிந்திக்கும் சிலர் ஒரு கருத்தை முன்வைக்கின்றனர்: பெரிய விடுதிகளில் தங்காதீர்கள், அந்நாட்டுச் சிற்றூர்களில், உழவர் வீட்டிலோ மீனவர் வீட்டிலோ தங்குங்கள், உங்கள் பணம் முதலாளிக்குச் செல்லாமல் அம்மக்களுக்கே செல்லும், வாழ்க்கையையும் அருகிருந்து காணலாம் என்கின்றனர். ‘ஹோம்ஸ்டே’ என்னும் சொல் இன்று தமிழ்ப் பேச்சிலும் புழங்குகிறது. கருத்து நல்லதே. ஆனால் அது நல்லது என்று சொல்லி நிறுத்திவிட்டால் போதுமா? பிறர் வீட்டின் வாசலைக் கடந்து உள்ளே செல்வது, விடுதியின் வாசலைக் கடப்பதைவிட எத்தனையோ மடங்கு பொறுப்பு மிக்க செயல் அல்லவா?

இந்த வினாவை ஆராய அயல்நாடு செல்லத் தேவையில்லை. பொன்னேரியிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் போதும், பழவேற்காடு வந்துவிடும். கடலுக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட மணல்திட்டுகளிலும் ஏரிக்கரையிலும் குப்பங்கள். நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சில்காவுக்கு அடுத்துப் பெரியது இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, கடலோடு கலக்கும் முகத்துவாரம் ஒன்று இங்கே இருக்கிறது. பனிக்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. அவற்றைக் காண மக்களும் வருகின்றனர். ஹாலந்து நாட்டினர் தம் முன்னோரின் கல்லறைகளைக் காண வருகின்றனர். பெரும்பாலோர் காலையில் காரில் வந்து, படம் எடுத்து, மீன் வாங்கி, மாலையில் சென்னைக்குத் திரும்பிவிடுகின்றனர். இரவில் இவ்வூர் எப்படி இருக்கும் என்பதை அவர்களுள் அறிந்தவர் மிகச் சிலரே.

வெளியிலிருந்து வந்து தங்கியவர்களைப் பற்றி இந்தக் கரைக்கு ஒரு பழைய நினைவு உண்டு. போர்த்துக்கீசியர் வந்தனர், இங்குள்ள மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கத்தை மரபு 1515ஆம் ஆண்டில் வைக்கிறது. அவர்களுக்குப் பின் டச்சுக்காரர் வந்தனர். விஜயநகர மன்னரின் இசைவைப் பெற்று, வணிகம் செய்ய இடம் கேட்டு வந்தவர்கள் அவர்கள். 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாறும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் பழவேற்காடுதான். துணி ஏற்றினர், வெடிமருந்து செய்தனர், இக்கரையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினர். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. கோட்டை இன்று மேடும் புதருமாகக் கிடக்கிறது. எலும்புக்கூடு செதுக்கிய வாயிலோடு கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் காவலில் நிற்கிறது.

செருமானிய மெய்யியலார் இம்மானுவேல் கான்ட் 1795இல் நிலையான அமைதியைப் பற்றி எழுதிய சிறு நூலில் இதைத்தான் பிரித்துக் காட்டினார். உலகம் உருண்டையானது, மனிதர் ஒருவரையொருவர் சந்தித்தே ஆக வேண்டும், ஆகவே எந்த மனிதனும் அயலார் மண்ணுக்கு வந்து பார்க்கவும் பகைவனாக நடத்தப்படாதிருக்கவும் உரிமையுடையவன் என்றார். ஆனால் வந்து பார்க்கும் உரிமை வேறு, விருந்தினனாகத் தங்கும் உரிமை வேறு என்றும் சொன்னார். தங்குவதற்கு வீட்டுக்காரரின் தனி இசைவு வேண்டும். வணிக நாடுகள் இந்தியா உள்ளிட்ட நாடுகளுக்கு வணிகம் செய்ய வருவதாகச் சொல்லி வந்து, படையை இறக்கி, பார்ப்பதையும் பிடிப்பதையும் ஒன்றாக்கிவிட்டன என்று அதே பகுதியில் கடுமையாகச் சாடினார். கான்ட் தம் ஊரை விட்டு அதிகம் வெளியே சென்றவர் அல்லர். எனினும் பழவேற்காட்டுக் கோட்டை மேட்டில் நின்று எழுதியதுபோல் அந்தப் பகுதி இருக்கிறது.

இதற்கு மாறான ஒரு மரபும் நம் கடற்கரைக்கு உண்டு. சிறுபாணாற்றுப்படை, பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழி சொல்லும் நூல். வழி என்றால் ஊர்ப்பெயர்கள் மட்டுமல்ல. எந்த ஊரில் யார் வீட்டில் என்ன உணவு கிடைக்கும் என்பதும் அதில் அடங்கும். கடற்கரையில் எயிற்பட்டினத்தில் பரதவர் வீட்டில் கள்ளும் சுட்ட குழல்மீனும். முல்லை நிலத்து வேலூரில் எயினர் வீட்டில் புளிச்சோறும் இறைச்சியும். மருத நிலத்து ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும். அந்த நிலம் விளைத்ததை அந்த வீடு தருகிறது, பாணன் உண்கிறான். இன்னது வேண்டும் என்று அவன் கேட்பதில்லை. மறுநாள் எழுந்து நடக்கிறான். எளியவர் வீட்டில் எளியவர் தங்கிய கதை அது.

ஆனால் அந்த நூலைக் காட்டி, ‘பாருங்கள், நம் மரபில் பணம் வாங்காமல் சோறிட்டார்கள், இன்று வீட்டில் தங்கவைத்துப் பணம் வாங்குவது விருந்தோம்பலைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது’ என்று வருந்துவோரோடு நாம் உடன்படுவதற்கில்லை. அக்காலத்து இலவசத்தின் பின்னால் ஒரு மறைமுகக் கணக்கு இருந்தது. இன்று என் வீட்டில் நீ. நாளை உன் ஊர்ப் பக்கம் நான் வந்தால் உன் வீட்டில் நான். இன்றும் பழவேற்காட்டு மீனவர் காசிமேட்டுக்கோ கடலூருக்கோ சென்றால் உறவினர் வீட்டில்தான் இறங்குகிறார். அங்கே காசு கொடுத்தால் சண்டை வரும். ஆனால் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வருபவர் வீட்டுக்கு இவர் என்றேனும் செல்லப் போகிறாரா? சென்று கதவைத் தட்ட நினைத்தாலும் விசா கிடைக்குமா? திரும்பச் செல்ல இயலாத ஒருவரிடம் இலவசமாகத் தங்குவது விருந்தாகாது. அது, இல்லாதவர் இருப்பவருக்குச் செலுத்தும் வரியாகவே முடியும். ஆகவே பணம் கொடுப்பதே இங்கே நேர்மை. நேபாளத்து மலையூருக்கோ இலங்கையின் ஒரு சிற்றூருக்கோ செல்லும் நம்மவர்க்கும் இது பொருந்தும்.

பணம் எதற்கு என்பதுதான் அடுத்த வினா. சென்ற பனிக்காலத்தில் ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், இங்கே வீடுகளில் ஆட்களைத் தங்கவைத்தால் என்ன என்று பேச்சுக் கொடுத்தோம். அவர் ஊசியை நிறுத்தவில்லை.

“சாப்பிடாமப் போகாதீங்க சார், அதுக்கு நாங்க காசு கேக்க மாட்டோம். ஆனா ராத்தங்கல்னா யோசிக்கணும். இருக்கிறது ஒரே ரூம்பு. விடியக் காத்தால மூணு மணிக்கு வலை எடுக்கப் போவோம். அதுக்கு முன்னாடியே அடுப்பு எரியும். நீங்க எங்க தூங்குறது?”

வாசற்படியில் அமர்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி தலை நிமிராமல் சொன்னார்: “தண்ணி யார் தூக்குறதுன்னும் சொல்லுய்யா.”

இவ்விருவரும் சொன்னவற்றுள் அந்த அம்மையாரின் சொல்லே நம்மை நெடுநேரம் விட்டு அகலவில்லை. விருந்தோம்பல் என்று நாம் புகழும் அறத்தின் உழைப்பு முழுவதும் யார் தலையில் விழுகிறது? வீட்டுத் தலைவன் வாசலில் நின்று கை குவிக்கிறான். அடுப்படியில் வேகிறவள் வேறொருத்தி. உவர் நிலத்தில் குடிநீர் ஒரு பாடு. விருந்தினர் ஒருவர் விடுதியில் ஒரு குளியலுக்குச் செலவிடும் நீர் அங்கே எத்தனை குடம்! விடுதியில் பணி செய்யும் பெண்ணுக்கு வேலை நேரம் உண்டு, சம்பளம் உண்டு, வாரத்தில் ஒரு நாள் விடுப்பும் இருக்கலாம். வீட்டுப் பெண்ணுக்கு இவை ஒன்றும் இல்லை. அவர் காலையில் மீன் கூடையோடு சந்தைக்குச் செல்கிறவராகவும் இருப்பார். எனவே சிற்றூரின் வீட்டில் தங்கிப் பணம் கொடுக்கும்போது, ஒரு காட்சிக்கோ ‘உண்மையான வாழ்க்கை’க்கோ விலை கொடுப்பதாக எண்ணுவது பிழை. தூக்கிய தண்ணீருக்கும், துவைத்த துணிக்கும், மூன்று மணிக்கு எரிந்த அடுப்புக்கும் கூலி கொடுக்கிறோம். கூலி உழைத்தவரின் கையில்தான் சேர வேண்டும். பணத்தை வீட்டு அம்மாவின் கையில் கொடுக்கும் வழக்கத்தை விருந்தினர் தொடங்கினால் சில வீடுகளில் சிறு சலசலப்பு எழலாம், எழட்டும்.

இதனால் விடுதிகளெல்லாம் தீயவை என்று கொள்ள வேண்டியதில்லை. விடுதி தான் விற்பது இன்னது என்று மறைப்பதில்லை. யாருக்கும் கடன்படாமல் தூங்கும் உரிமையை அது விற்கிறது. முதியவர்க்கும் நோயுற்றவர்க்கும் அது தேவை. கேரளத்தின் குமரகத்தில் 2008 முதல் பொறுப்புச் சுற்றுலா என்ற திட்டத்தின்கீழ் விடுதிகள் தமக்கு வேண்டிய காய்கறிகளைக் குடும்பசிரீ மகளிர் குழுக்களிடம் வாங்கத் தொடங்கின. அத்தகைய விடுதி ஒன்றில் தங்குபவர், வெளியூர் முதலாளி வாங்கிப்போட்டு ஆள் வைத்து நடத்தும் ‘கிராமத்து வீட்டில்’ தங்குபவரைவிட அவ்வூருக்கு அதிகம் செய்தவர் ஆகலாம். கூரை ஓலையா கான்கிரீட்டா என்பதை வைத்து இதை அளக்க இயலாது. நம் நடுவண் அரசின் இல்லத் தங்கல் திட்டத்தில் ஒரு நல்ல விதி உண்டு: ஒன்று முதல் ஆறு அறைகள் வரை விடலாம், உரிமையாளர் அதே வீட்டில் வாழ வேண்டும். அந்த விதி உடைந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பார்சலோனா நகரம் சான்று. அங்கே குடியிருப்புகள் பயணியர்க்கு நாள் வாடகைக்கு விடப்பட்டு, ஊர்க்காரர்க்கு வாடகை எட்டாமல் போயிற்று. 10,101 உரிமங்களையும் 2028 நவம்பருக்குப் பின் நீட்டிப்பதில்லை என்று 2024இல் அந்நகர மேயர் அறிவித்தார். வீடு என்பது வீடாக இருக்கும்வரைதான் அங்கே விருந்தினர் என்ற சொல்லுக்கும் பொருள் உண்டு.

இத்தாலியர் இதை முன்னரே உணர்ந்திருந்தனர். உழவர் வீட்டில் பயணியரைத் தங்கவைக்கும் வழக்கத்தை முறைப்படுத்த 1985இல் அவர்கள் ஒரு சட்டம் செய்தனர். அதன் உயிர்நிலை இதுதான்: உழவே முதன்மைத் தொழில், விருந்தினர் வருவாய் அதற்குத் துணைதான். உழவை விட்டவர் அந்த உரிமத்தைக் கோர இயலாது. பழவேற்காட்டிற்கு இதை வைத்துப் பார்த்தால் பொருள் விளங்கும். மீன் பிடிப்பதைவிட ஆள் தங்கவைப்பது ஆதாயம் என்று ஆகிவிட்டால், சில ஆண்டுகளில் அங்கே வலை இருக்காது. வலை மாட்டிய சுவர் இருக்கும். ஏற்கெனவே இந்த ஏரிக்கு இடர்கள் குறைவில்லை. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகிறது. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் எழுந்துள்ளன. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து இக்குப்பங்கள் ஆண்டுக்கணக்கில் குரல் எழுப்பின. ஏரியை இழந்த மீனவருக்கு விருந்தினரின் பணம் ஈடாகாது.

சரி, ஒரு குப்பம் தன் விருப்பத்தோடு விருந்தினரை ஏற்க முன்வருகிறது என்று கொள்வோம். யார் வீட்டில் தங்கவைப்பது? கல்வீடு உள்ளவர் வீட்டிலா? ஆங்கிலம் பேசும் மகன் உள்ளவர் வீட்டிலா? இங்கேதான் பல ஊர்களில் நல்ல நோக்கம் கெட்டுப்போகிறது. ஒரு வீடு செழிக்கிறது. பக்கத்து வீடு முகம் திருப்பிக்கொள்கிறது. நேபாளத்தின் சியாங்ஜா மாவட்டத்தில் சிருபாரி என்ற குருங் மக்களின் ஊர் 1997இல் பயணியரை வீடுகளில் தங்கவைக்கத் தொடங்கியபோது இதற்கு ஒரு வழி கண்டது. விருந்தினர் தமக்குப் பிடித்த வீட்டைத் தேர்ந்துகொள்வதில்லை. ஊர்க்குழு வரவேற்று, முறை வைத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்புகிறது.

பழவேற்காட்டு மீனவர்க்கு இதைக் கற்றுக்கொடுக்க நேபாளத்திலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. ‘பாடு’ என்னும் முறை அவர்களுடையது. முகத்துவாரத்தை ஒட்டிய நீரில் மீனும் இறாலும் மிகுதி. எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். எனவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் தலைக்கட்டுகள் சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வகுத்துக்கொண்டனர். இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை அதை விட்டு நகர்கிறார். காலம் காலமாக நீரைப் பங்கிட்டவர்களுக்கு விருந்தினரைப் பங்கிடத் தெரியாதா என்ன? இந்த முறைக்குள் ஒரு விருந்தினர் வருவாரானால், ‘எனக்குக் கடல் தெரியும் வீடு வேண்டும்’ என்று கேட்பதை அவர் விட்டுவிட வேண்டும். முறை எந்த வீட்டைக் காட்டுகிறதோ அதுவே அவருடைய வீடு. எயிற்பட்டினத்துப் பாணனும் சுட்ட மீனைத்தான் உண்டான்.

விருந்தினரின் கடன் என்று தொடக்கத்தில் சொன்னோமே, அது இங்கிருந்து தொடங்குகிறது. திருச்சபையின் பழைய ஏடுகள் இதில் வியக்கத்தக்க வெளிப்படையோடு பேசுகின்றன. புனித பெனடிக்ட் தம் துறவியர்க்கு எழுதிய ஒழுங்கில் 53ஆம் இயல் விருந்தினரை வரவேற்பது பற்றியது. அது பலர் அறிந்தது. 61ஆம் இயல் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அது வெளியூரிலிருந்து வந்து தங்கும் துறவியைப் பற்றியது. அவர் அங்குள்ள வழக்கத்தோடு மனநிறைவு கொள்ள வேண்டும். மிகுதியாகக் கேட்டு இல்லத்தைக் கலக்கக் கூடாது. குறை எதையேனும் கண்டு பணிவோடு சொன்னால் தலைவர் அதை எண்ணிப் பார்க்க வேண்டும், ஒருவேளை அதற்காகவே இறைவன் அவரை அனுப்பியிருக்கலாம் என்பது அதன் கருத்து. அதற்கும் முந்திய திதாக்கே என்ற தொடக்கத் திருச்சபை நூல் இன்னும் கறாரானது. வழிப்போக்கருக்கு இயன்ற உதவி செய்யுங்கள். ஆனால் அவர் இரண்டு நாள், தேவையானால் மூன்று நாளுக்குமேல் தங்கக்கூடாது. நிலையாக இருக்க விரும்பினால் உழைத்து உண்ணட்டும் என்கிறது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பாட்டிமார் சொல்வதும் இதே கணக்குத்தான். சிரியாவின் பக்கத்துக் கிறித்தவரும் நம் ஊர்ப் பாட்டியும் எண்ணிப் பார்த்து ஒரே எண்ணுக்கு வந்திருப்பது, அடுப்படிகள் எங்கும் ஒன்றே என்பதைத்தான் காட்டுகிறது.

இந்த அளவுகோலை நம்மவர் பயணங்கள் மீது வைத்துப் பார்த்தால் சற்று நாணம் ஏற்படுகிறது. அயல்நாட்டுக்குச் செல்லும் நம் சுற்றுலாக் குழுக்கள் பல, சமையற்காரரையும் உடன் அழைத்துச் செல்கின்றன. ஐரோப்பாவின் நடுவில் இட்லி கிடைக்கும் என்பதே விளம்பரத்தின் முதல் வரி. முதியோரின் வயிற்றுக்கு அது வேண்டியிருக்கலாம். அதை நாம் இகழவில்லை. ஆயினும் பத்து நாள்கள் ஒரு நாட்டில் இருந்து, அந்நாட்டார் ஒருவர் சமைத்த ஒரு கவளத்தையும் உண்ணாமல், ஒருவர் வீட்டின் ஒழுங்குக்கு ஓர் இரவும் கட்டுப்படாமல் திரும்பி வந்து, ‘அந்த நாட்டைப் பார்த்தோம்’ என்று சொல்வது எவ்வகைப் பார்வை? கான்ட் சொன்ன முதல் உரிமையை மட்டும் பயன்படுத்தி வருகிறோம். வேற்று மொழி பேசும் ஒரு கிழவியின் மேசையில், அவர் வைத்த சூப்பை, ‘போதும்’ என்ற சொல்கூடத் தெரியாமல் குடித்து முடிக்கும்போதுதான் நாம் அங்கே விருந்தினராகிறோம். அந்த நிலையில் நாம் சற்று எளியவராகிவிடுகிறோம். மொழி இல்லை, கழிப்பறை எங்கே என்று கைச்சாடையில் கேட்க வேண்டும், அவர்கள் எழும் நேரத்தில் எழ வேண்டும். சிற்றூர் வீட்டுத் தங்கலின் பயன் என நாம் மதிப்பது இதைத்தான். வாடகை மலிவு என்பதையோ, படத்துக்கு நல்ல பின்னணி என்பதையோ அன்று.

வீட்டுக்காரரின் கடனும் குறைந்ததன்று. 2011ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து, விடுமுறைக்கு வந்திருந்த 22 பேர் மாண்டனர். அதன்பின் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. வலை இழுக்க அமைந்த படகு, குழந்தைகளும் சேலை கட்டிய பெண்களுமாக ஒரு குடும்பத்தை ஏற்றிச் செல்ல அமைந்ததன்று. நீரை அறிந்தவருக்கு நீர் அச்சமில்லை. அறியாதவரை அழைத்துச் செல்லும்போது அவருடைய அச்சத்தையும் தானே சுமக்க வேண்டும். வந்தவர் கேட்கிறார், காசும் கொடுக்கிறார் என்பதற்காகத் துணிவது விருந்தோம்பலாகாது. காற்று சரியில்லை, இன்று படகு இல்லை என்று சொல்லக்கூடிய துணிவும், அதைக் கேட்டு முகம் சுளிக்காத விருந்தினரும் ஒன்றாக அமைய வேண்டும். தன் வருவாய்க்கு அந்த ஒரு விருந்தினரையே நம்பியிருக்கும் குடும்பம் ‘இல்லை’ என்று சொல்ல முடியாது. மீன்பிடியே முதன்மையாக இருக்க வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாடு முறையைப் புகழ்ந்தோம். அதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பட்டியல் எல்லாருக்கும் உரியதன்று. குறிப்பிட்ட ஊர்களின், குறிப்பிட்ட குலத்தின் ஆண் தலைக்கட்டுகளுக்கே அதில் இடம். பிற்காலத்தில் ஏரித்தொழிலுக்கு வந்தவர்களோடு இதனால் பூசல்கள் நேர்ந்துள்ளன. இடுப்பளவு நீரில் நின்று சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லால் கடித்துப் பிடித்த ஓலைப் பறியில் போட்டுக்கொள்ளும் இருளர் பெண்களை இந்த உவர்நீர்ப் பகுதிகளில் காணலாம்; அவர்கள் பெயர் எந்தத் தலைக்கட்டிலும் இல்லை. ஏரிக்கரையில் பனையோலைப் பெட்டி முடையும் முஸ்லிம் பெண்கள் இருக்கின்றனர். அவர்களும் அந்தப் பட்டியலுக்கு வெளியேதான். நாளை ஒரு குப்பம் விருந்தினர்க்கென முறைப்பட்டியல் எழுதுமானால், பழைய பட்டியலை அப்படியே படியெடுத்துவிடும் வாய்ப்பு மிகுதி. தங்குவதற்கு ஓர் அறையும் கழிப்பறையும் வேண்டும் என்று அரசு விதி சொல்லும். அவை இல்லாத வீடு தானாகவே விலகிவிடும்.

அந்தப் பெண்களின் குடிசையில் அயல்நாட்டார் ஒருவரைத் தங்கவைக்க இன்று இயலாது என்பது உண்மை. ஆனால் விருந்தினரின் இலையில் விழும் இறால் யாருடைய பறியிலிருந்து வந்தது, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது, அவர் ஊருக்கு எடுத்துச் செல்லும் ஓலைப்பெட்டிக்கு முடைந்தவர் கேட்ட தொகை குறைக்கப்படாமல் கிடைத்ததா என்பவற்றைப் பட்டியலின் அடியில் எழுதிவைக்க இயலும். வலை பின்னிய பெரியவரிடம் விடைபெறும்போது இதையும் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே வீட்டுப் பக்கம் கையைக் காட்டி, “அத அதுகிட்ட கேளுங்க, கணக்கெல்லாம் அதுதான்” என்றார். அம்மையார் அதற்குள் உரித்த இறாலை அலசத் தண்ணீர்க் குடத்தோடு கொல்லைப்புறம் சென்றிருந்தார்.